தன்வரலாற்று எழுத்தில் மெய்ம்மையும் வாசகர் இரக்கமும்: கேரளப் பனுவல்கள் சிலவற்றை முன்வைத்து

முன்னுரை

ஒரு நாவலில் வரும் மாந்தரின் துன்பத்திற்கு வாசகர் இரங்குவதும், ஒரு தன்வரலாற்றை எழுதியவரின் துன்பத்திற்கு வாசகர் இரங்குவதும் ஒன்றல்ல. முன்னதில் வாசகரின் இரக்கம் நூலோடு நின்றுவிடுகிறது. பின்னதில் அது நூலைக் கடந்து, உயிருடன் வாழும் ஒருவரைச் சென்று சேர்கிறது. அவருக்குப் புகழாகவும் பொருளாகவும் ஆதரவாகவும் மாறுகிறது. ஆகவே, தான் படாத துன்பத்தைப் பட்டதாக எழுதி வாசகரின் கவனத்தையும் இரக்கத்தையும் பெறும் எழுத்தாளரைத் திறனாய்வு எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்குப் பொதுவாக இருவகை விடைகள் தரப்படுகின்றன. இலக்கியம் என்றாலே புனைவுதான், எனவே மெய் பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது ஒன்று. நடக்காததை நடந்ததாக எழுதுவது எதுவாயினும் மோசடியே என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் போதியன அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். தன்வரலாற்றில் பொய் என்பது புனைந்த நிகழ்ச்சியில் இல்லை. எந்த வாக்குறுதியின் பெயரால் வாசகரின் இரக்கம் பெறப்பட்டது என்பதிலும், அவ்வாக்குறுதி கேள்விக்குள்ளானபோது எழுத்தாளர் என்ன செய்தார் என்பதிலுமே உள்ளது. இக்கருத்தைத் தமிழ்ப் பொருளிலக்கண மரபின் துணைகொண்டு, கேரளத்தில் தோன்றிய மூன்று மலையாளப் பனுவல்களின்வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. அவற்றோடு ஒப்புநோக்கத் திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தாளர் நகுலனும் எடுத்துக்கொள்ளப்படுகிறார்.

1. வெளிப்படையான ஏமாற்று

ஐயத்திற்கு இடமில்லாத ஏமாற்று எவ்வாறு அமையும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். இதற்கு மேலைநாட்டுச் சான்றுகள் மூன்றைக் காட்டலாம்.

1995-இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் ஜெர்மன் மொழியில் ஒரு நினைவுநூல் வெளிவந்தது. நாஜி வதைமுகாம்களில் கழிந்த ஒரு யூதக் குழந்தையின் நினைவுகளாக அது அமைந்திருந்தது. விருதுகளும் பாராட்டுகளும் குவிந்தன. 1998-இல் சுவிட்சர்லாந்து எழுத்தாளர் டேனியல் கான்ஸ்ஃபிரீட், நூலாசிரியர் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதையும், வதைமுகாமில் இருந்தவரல்லர் என்பதையும் வெளிப்படுத்தினார். பின்னர் வரலாற்றாய்வாளர் ஸ்டெஃபான் மெக்லர் மேற்கொண்ட ஆய்வும் இதை உறுதிசெய்தது. நூல் திரும்பப் பெறப்பட்டது.

2003-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ரே போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட தம் கதையை நினைவுநூலாக வெளியிட்டார். 2005-இல் ஓப்ரா வின்ஃப்ரி தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாசகர் வட்டத்திற்கு அதைத் தேர்ந்தெடுத்ததால் அது பல இலட்சம் வாசகரைச் சென்றடைந்தது. 2006 சனவரியில், பல மாதங்கள் சிறையில் இருந்ததாக அவர் எழுதியது உண்மையன்று என்பதும், காவலில் இருந்தது சில மணி நேரமே என்பதும் வெளிவந்தன.

மூன்றாவது சான்று நோர்மா கூரி என்பவருடையது. யோர்தான் நாட்டில் தம் தோழி குடும்ப மானத்தின் பெயரால் கொல்லப்பட்டதாக அவர் எழுதிய நூல் 2003-இல் ஆஸ்திரேலியாவில் பெரும் விற்பனை கண்டது. அவர் குழந்தைப் பருவத்திலிருந்தே அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்தவர் என்பதை 2004-இல் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழ் வெளிப்படுத்தியது. இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்நூலின் பிழைகளை முன்னரே எடுத்துக்காட்டியவர்கள் யோர்தானிலேயே மானக்கொலைகளுக்கு எதிராகப் பாடுபட்டுவந்த பெண்களாவர். பொய்யான ஒரு கொலைக்கதை, மெய்யான கொலைகளைப் பற்றிய தங்கள் பேச்சையும் நம்பத்தகாததாக்கிவிடும் என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறக்கூடும் என வள்ளுவர் கூறுவது பலரும் அறிந்ததே. ஆனால் குற்றமற்ற நன்மை விளைதல் வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே அவர் அவ்வாறு கூறுகிறார். நல்ல நோக்கத்திற்காகச் சொல்லப்பட்ட பொய் என்று கூரியின் நூலுக்கு ஆதரவாக வாதிடுவோர், யோர்தானியப் பெண்களின் முறையீட்டைக் கணக்கில் கொண்டால் அந்நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை உணர்வர். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் தவக்கோலத்தில் மறைந்து தீமை செய்பவனைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். துன்புற்றோரின் கோலமும் இத்தகைய ஒரு மறைவிடமாகப் பயன்படக்கூடும் என்பதை இம்மூன்று சான்றுகளும் காட்டுகின்றன.

2. அகம், புறம்: ஓர் அளவுகோல்

தன்வரலாறு குறித்த மேலைத் திறனாய்வில் 1975-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிலிப் லெஜ்யூன் முன்வைத்த தன்வரலாற்று ஒப்பந்தம் என்னும் கருத்து முதன்மையானது. நூலின் அட்டையில் உள்ள பெயரும், கதைசொல்லியின் பெயரும், கதையின் முதன்மை மாந்தரின் பெயரும் ஒன்றாக அமையும்போது வாசகருடன் ஓர் ஒப்பந்தம் ஏற்படுகிறது என்பது அதன் சாரம். பெயரே ஒப்பந்தத்தின் கையொப்பமாகிறது.

இக்கருத்துக்கு இணையான ஒரு நுண்ணுணர்வு தமிழ் மரபில் மிகப் பழங்காலத்திலேயே இருந்துள்ளது எனலாம். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் வந்துவிட்டால் பாடல் அகம் என்ற நிலையிலிருந்து நீங்கிப் புறமாகிறது. நெடுநல்வாடை பிரிவுத்துயரைப் பாடும் பாட்டேயாயினும், அதில் பாண்டியரின் அடையாளமான வேம்பு சுட்டப்படுவதால் அது புறமாயிற்று என நச்சினார்க்கினியர் உரைப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பெயரோ ஓர் அடையாளப் பூவோ பாடலின் வகையையே மாற்றிவிடுகிறது.

இவ்விதியை வெறும் வகைப்பாட்டு விதியாகக் கொள்ளாமல், கேட்போருடன் செய்துகொண்ட உடன்பாடாகவும் கொள்ள இயலும். பெயரற்ற தலைவியின் துயரைக் கேட்பவர் அது யாருக்கு, எந்த ஊரில் நேர்ந்தது எனக் கேட்பதில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி என்பதை அவர் அறிவார். புறத்தில் நிலை வேறு. பெயர் சுட்டிப் பாடப்பட்ட கொடையும் போரும் நடந்தவையாகவே கொள்ளப்படுகின்றன. இன்றும் சங்ககால வரலாற்றைப் புறப்பாடல்களைக் கொண்டே எழுதுகிறோம். சுருங்கக் கூறின், பெயர் சுட்டாமை கற்பனைக்கு உரிமை தருகிறது. பெயர் சுட்டுதல் பொறுப்பைக் கொண்டுவருகிறது.

3. நகுலனின் சுசீலா

அகமரபின் உரிமையை இக்காலத்தில் நேர்மையாகக் கையாண்டவருக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, 2007-இல் மறைந்த நகுலன் என்னும் டி.கே. துரைசாமி அத்தகையவர். 1972-இல் வெளிவந்த நினைவுப்பாதை நாவலிலும் பிற படைப்புகளிலும் நவீனன் என்னும் கதைசொல்லி, நகுலனின் மறுவடிவம் போலவே வருகிறான். சுசீலா என்னும் பெண்ணின் நினைவு அவர் படைப்புகளில் மீண்டும் மீண்டும் எழுகிறது. அவர் மணம் புரியாது வாழ்ந்தவர். ஆதலின் சுசீலா யார் என்ற வினா வாசகரிடையே நெடுங்காலம் நிலவியது.

எனினும் நகுலன் வாசகரை ஏமாற்றினார் என எவரும் குற்றஞ்சாட்டியதில்லை. காரணம் தெளிவானது. அவர் தம் நூல்களை நாவல் என்றும் கவிதை என்றுமே வெளியிட்டார். தன் பெயரை நவீனன் எனப் பெயர்த்துவைத்ததன்வழி ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் விலகி நின்றார். வாசகர் தாமாக நம்பியது வேறு. நம்புமாறு அவர்களிடம் வாக்குக் கொடுப்பது வேறு. இவ்வேறுபாடு அடுத்துவரும் பனுவல்களை மதிப்பிட உதவும்.

4. என் கதை: பெயர் சுட்டிய அகம்

மலையாளத்தில் மாதவிக்குட்டி என்றும் ஆங்கிலத்தில் கமலா தாஸ் என்றும் எழுதியவரின் என் கதை, 1972-இல் மலையாளநாடு வார இதழில் தொடராக வெளிவந்து, 1973-இல் நூலாயிற்று. ஆங்கில வடிவம் 1976-இல் வெளிவந்தது. இதய நோயின் கடுமையில், சாவின் அச்சத்திலிருந்து மனத்தைத் திருப்பவும் மருத்துவமனைச் செலவை ஈடுகட்டவும் இதை எழுதியதாக ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில் அவர் கூறுகிறார். ஆகவே இந்நூல் தொடக்கத்திலேயே வாசகரின் இரக்கத்தை நாடுகிறது. அதனோடு பொருள் தேவையையும் ஒளிவின்றிச் சொல்கிறது.

பிற்காலப் பேட்டிகளில் இந்நூலின் பெரும்பகுதி கற்பனை என்று அவர் சில வேளைகளில் கூறினார். வேறு சில வேளைகளில் உண்மை என்றார். இம்முரண்பாட்டை வைத்து அவர் வாசகரை ஏமாற்றினார் எனக் கூறியவர்கள் உளர். மேற்கூறிய அளவுகோலின்படி நோக்கினால், அவர் செய்தது அகப்பொருளைப் பெயர் சுட்டிப் பாடியதாகும். தலைவியின் மனநிலைகளுக்கு உரிய கற்பனை உரிமையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தம் குடும்பப் பெயரையும் ஊரையும் பொறித்தார். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னர் அது ஒப்பந்தமே அன்று எனக் கூறியதை முற்றிலும் குறையற்றது எனக் கூறுதல் இயலாது. நூலில் வரும் கணவரும் உறவினரும் அடையாளம் காணத்தக்க உயிருள்ள மனிதர்கள் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் வில்கோமிர்ஸ்கியையும் மாதவிக்குட்டியையும் ஒரே வரிசையில் நிறுத்துதல் பொருந்தாது. முன்னவர் தமக்கு உரிமையில்லாத பிறரின் துன்பத்தை எடுத்து அணிந்துகொண்டார். பின்னவர் எழுதியது தம் மணவாழ்க்கை, தம் உடல், தம் தனிமை ஆகியவற்றை. அதற்காக அவர் பெற்றது இரக்கம் மட்டுமன்று. ஊராரின் பழியும் உறவினரின் சினமும் அவரை வந்தடைந்தன. மேலும், கற்பனை என்று அவர் கூறியதையே உண்மையான வாக்குமூலமாகக் கொள்வதற்கும் நமக்கு உறுதியான காரணம் இல்லை. ஒரு பெண் தன் விருப்பத்தைப் பற்றி எழுதியதைப் பொறுத்துக்கொள்ளாத சமூகத்தில், அது வெறும் கற்பனை என்பது தற்காப்பிற்கான கவசமாகவும் இருந்திருக்கலாம். அவரை மெய்யுரைத்தவர் எனப் போற்றியவர்களும் பொய்யுரைத்தவர் எனத் தூற்றியவர்களும் அவர் சொன்னதில் தமக்கு ஏற்றதை மட்டுமே எடுத்துக்கொண்டனர். 1984-இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் அவர் போட்டியிட்டுத் தோற்றார். 2009-இல் புனே நகரில் மறைந்த அவர், அதே திருவனந்தபுரத்தின் பாளையம் பள்ளிவாசலில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். கேரளம் அவரிடம் கொண்ட உறவின் இருமையை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன எனலாம்.

5. ஆடுஜீவிதம்: பிறர் துன்பத்தின் பெயரால்

பென்யாமின் எழுதிய ஆடுஜீவிதம் 2008-இல் வெளிவந்தது. சவூதி அரேபியப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டி ஒன்றில் அடிமையாகச் சிக்கிய நஜீப் என்னும் மலையாளியின் கதை இது. கேரளத்தில் வளைகுடா நாட்டு வேலை தொடாத குடும்பம் அரிது. எனவே இந்நாவல் பெற்ற வரவேற்பு வியப்பிற்குரியதன்று. கேரள சாகித்திய அகாதெமி விருதும் இதற்குக் கிடைத்தது.

நூல் நாவல் என்றே வெளியிடப்பட்டது. ஆனால் நூலின் பின்னுரையில், நஜீபை நேரில் சந்தித்து அவர் வாழ்வைக் கேட்டறிந்து எழுதியதாக ஆசிரியர் குறிப்பிடுகிறார். இதனால் வாசகர் பலர் இதனை உண்மைக் கதையாகவே படித்தனர். பாலைவனத்தில் அவதியுற்ற மனிதரும் மேடைகளில் நஜீபாகவே அறிமுகம் செய்யப்பட்டார். 2024 மார்ச்சில் பிளெஸ்ஸி இயக்கிய திரைப்படம் வெளிவந்தபோது, நாவலில் வரும் சில நிகழ்ச்சிகள் அம்மனிதரின் வாழ்வில் நடந்தவையா என்ற கேள்வி கேரளமெங்கும் எழுந்தது. தம் நாயகன் நஜீப் ஒரு கதைமாந்தரே என்றும், உண்மை மனிதரின் வாழ்வு நாவலில் முப்பது விழுக்காட்டிற்கும் குறைவே என்றும் பென்யாமின் அப்போது விளக்கமளித்தார்.

நாவலாசிரியருக்கு மாற்றவும் சேர்க்கவும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. சிக்கல் நாவலில் இல்லை. நாவலைச் சுற்றி எழுந்த சொல்லாடலில் உள்ளது. அட்டையில் நாவல் என்றும் பின்னுரையில் வாழ்க்கை என்றும் இருவேறு வாக்குறுதிகள் தரப்பட்டன. வாசகரின் இரக்கம் இரண்டாவது வாக்குறுதியின் வழியே பெருகிற்று. கேள்வி எழுந்தபோது விடை முதலாவது வாக்குறுதியிலிருந்து வந்தது. இதனை ஏமாற்று எனக் கூறுவது மிகையாகும். ஆயினும் இவ்விரு வாக்குறுதிகளுக்கும் இடைப்பட்ட வெளியில் அகப்பட்டு, தாம் எழுதாத ஒரு நூலிலுள்ள நிகழ்ச்சிகளுக்குத் தம் ஊராரிடமும் குடும்பத்தாரிடமும் விடைசொல்ல நேர்ந்தவர் அந்த உண்மை மனிதரே என்பதைத் திறனாய்வு கருத்தில் கொள்ளுதல் வேண்டும். வாசகரின் நம்பிக்கையைப் போலவே, கதை கொடுத்தவரின் வாழ்வும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகும்.

6. நளினி ஜமீலா: திருத்தி எழுதிய தன்வரலாறு

2005-இல் வெளிவந்த நளினி ஜமீலாவின் தன்வரலாறு, பாலியல் தொழிலாளி ஒருவர் தம் வாழ்வைத் தாமே கூறியதாக அமைந்து கேரளத்தில் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. அவர் சொல்ல, ஐ. கோபிநாத் எழுத்தாக்கிய அம்முதல் வடிவம் மிக விரைவாக விற்பனையானது. ஆனால் அதில் தம் குரல் சரியாக அமையவில்லை எனக் கருதிய நளினி ஜமீலா, அதே ஆண்டிலேயே திருத்திய மற்றொரு வடிவத்தை வெளியிட்டார். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜெ. தேவிகா 2007-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இத்திருத்திய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழிலும் இந்நூல் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

இந்நிகழ்ச்சி நம் ஆய்விற்கு இன்றியமையாதது. விற்றுக்கொண்டிருந்த ஒரு நூலைப் போதாது எனத் தாமே கூறுவது பயன் கருதும் எழுத்தாளர் செய்யும் செயலன்று. இரு வடிவங்கள் இருப்பதைச் சுட்டி, எது உண்மை என ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆனால் ஏமாற்றுபவர் தம் கதை மாறாதவாறு காத்துக்கொள்வதையும், பிடிபடும்வரை திருத்தாதிருப்பதையும் முதற்பகுதியில் கண்டோம். நளினி ஜமீலாவோ எவரும் பிடிக்காத முன்னரே திருத்தினார். பள்ளிக்கல்வியைத் தொடர இயலாது போன ஒருவரின் வாழ்வு கற்றவர் கையால் எழுதப்படும்போது, இரக்கத்தை ஈர்க்கத்தக்க வடிவம் அவருக்கு அளிக்கப்பட்டுவிடுகிறது. அவ்வடிவத்தை மறுத்து, தம்மை இரக்கத்திற்குரியவராக மட்டும் காட்டவேண்டாம் என அவர் வற்புறுத்தினார். வாசகரின் இரக்கத்தைப் பெருக்கிக்கொள்ள முயலும் எழுத்தாளர்களிடையே, அதனை வரையறுக்க முயன்றவர் இவர்.

7. இழப்பு யாருக்கு?

பொய்யான தன்வரலாற்றால் ஏமாந்த வாசகருக்கு நேரும் இழப்பு ஒரு நூலின் விலையும் சிறிது மனவருத்தமும் ஆகும். ஃப்ரேயின் நூலை வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித்தரப் பதிப்பகம் உடன்பட்டது. ஆனால் பணத்தைக்கொண்டு ஈடுசெய்ய இயலாத இழப்பொன்று உண்டு. அது அடுத்துப் பேச வருபவருக்கு நேர்வது.

தமிழில் 1992-இல் வெளிவந்த பாமாவின் கருக்கு, 2005-இல் வெளிவந்த கே.ஏ. குணசேகரனின் வடு முதலிய தலித் தன்வரலாறுகளுக்குச் சான்றாவணங்கள் துணைநிற்பதில்லை. சேரியில் ஒரு குழந்தை பட்ட அவமதிப்பைப் பதிவுசெய்து வைத்த அலுவலகம் எதுவும் இல்லை. சொல்பவரின் சொல்லே சான்று. வாசகர் அச்சொல்லை நம்ப முன்வருவதே இவ்வகை இலக்கியத்தின் அடித்தளம். ஒரு பொய்க்கதை வெளிப்படும்போது, இனி எதையும் ஆராயாமல் நம்பமாட்டேன் என வாசகர் முடிவுசெய்வது இயல்பு. அம்முடிவின் சுமை ஏமாற்றியவர் மீது விழுவதில்லை. ஆவணமில்லாதவர் மீதே விழுகிறது. கைப்பேசித் திரையில் நாள்தோறும் பிறர் துன்பக்கதைகளைப் படித்துப் பொருளுதவியும் செய்யும் இன்றைய சூழலில் இவ்விழப்பு மேலும் பெரிதாகிறது.

அதேபோல், எல்லாத் தன்வரலாறுகளையும் ஐயக்கண்ணுடன் ஆராயும் காவலர் வேலையைத் திறனாய்வு மேற்கொள்வதும் அதே எளியவரையே துன்புறுத்தும். நினைவு மாறுவதும், ஒரு நிகழ்ச்சியை இருமுறை இருவிதமாகச் சொல்வதும் மனித இயல்பு. அவற்றைப் பொய்யின் அடையாளமாகக் கொள்வது தவறு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தன்வரலாற்று எழுத்தின் மெய்ம்மையை நிகழ்ச்சிகளின் சரிபார்ப்பால் மட்டும் அளத்தல் இயலாது. பெயர் சுட்டுதல், சுட்டாமை என்னும் அகப்புற வேறுபாடு, வாசகருடன் செய்யப்படும் ஒப்பந்தத்தை அறிய உதவும் அளவுகோலாக இன்றும் பயன்படுகிறது.

நகுலன் பெயர் மறைத்துக் கற்பனையின் உரிமையைப் பெற்றார். மாதவிக்குட்டி பெயர் சுட்டிவிட்டு அவ்வுரிமையையும் கோரினார். அதற்குரிய விலையைப் பெரிதும் தாமே கொடுத்தார். பென்யாமினின் நூல் இரு வாக்குறுதிகளுக்கிடையே நின்றதால் மூன்றாமவர் ஒருவர் விடைசொல்ல நேர்ந்தது. நளினி ஜமீலா தம் கதையைத் தாமே திருத்தி வாசகரின் நம்பிக்கையை மதித்தார்.

பிறருக்கு உரிய துன்பத்தைத் தமதென்று கூறி இரக்கம் பெறுதலே மன்னிக்கத்தகாத ஏமாற்று எனக் கொள்ளலாம். அதன் தீமை ஏமாந்த வாசகரோடு நிற்பதில்லை. மெய்யாகவே துன்புற்று, இனிமேல் பேச வாய்திறக்கும் ஒருவர் நம்பப்படாமற் போவதில் போய் முடிகிறது. ஆகவே ஒரு தன்வரலாற்றை நம்பலாமா என வினவும் திறனாய்வாளர், நம்பாமற்போனால் யார் குரல் இழக்கப்படும் என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.